ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது எதற்கு மெனக்கெட வேண்டும்?

ஆய்வு முடிந்து, முடிவுகள் கைக்கு வந்து, நெறியாளரும் சரி சொன்ன பிறகு ஆய்வு மாணவருக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. ஆய்விதழின் ‘ஆசிரியர்களுக்கான வழிகாட்டி’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துரு, வரி இடைவெளி, மேற்கோள் பாணி, படத்தின் அகலம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். இதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று 41 நாடுகளைச் சேர்ந்த 372 ஆய்வாளர்களிடம் கேட்டு, ஓர் ஆய்வு 2019இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியானது. ஒரு கட்டுரைக்கு 14 மணி நேரம், ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 52 மணி நேரம் என்று கணக்கு வந்தது. சம்பளமாக மாற்றிப் பார்த்தால் கட்டுரைக்கு 477 அமெரிக்க டாலர். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் புள்ளியியலுக்கும் ஆன நேரத்தை இதில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆக, வெறும் வடிவமைப்புக்கு மட்டும் இவ்வளவு.

அந்த இதழ் கட்டுரையை மறுத்துவிட்டால் அடுத்த இதழுக்கு வேறு பாணி, மறுபடி முதலிலிருந்து வேலை. முதல் கட்டுரை எழுதும் மாணவர்கள் பலர் இதில் சோர்ந்துவிடுகிறார்கள். சோர்வில் எல்லா விதிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். வரி இடைவெளிக்குக் கொடுக்கிற கவனத்தைத்தான் ஆய்வு முறைப் பகுதிக்கும் கொடுக்கிறார்கள். சில நேரம் வரி இடைவெளிக்கே கூடுதலாகக் கிடைக்கிறது. இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் எதற்கு உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும், எதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது தெளிவாகும். ஒரு வகை விதிகள் பழைய அச்சகத்தின் வசதிக்காகப் பிறந்தவை. இன்னொரு வகை, உங்கள் ஆய்வை முன்பின் தெரியாத ஒருவர் சரிபார்ப்பதற்காக வந்தவை. உழைப்பு போக வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

தட்டச்சுக் காலத்தின் மிச்சம்

இரட்டை வரி இடைவெளி ஏன் கேட்கிறார்கள்? பிரதி திருத்துபவர் வரிகளுக்கு நடுவே பேனாவால் எழுத இடம் வேண்டும் என்பதற்காக. அதைப் பார்த்துத்தான் அச்சுக்கோப்பவர் எழுத்துகளைக் கோப்பார். அகலமான ஓரம் அச்சகக் குறிப்புகளுக்காக விட்டது. படங்களைக் கடைசியில் தனியாக வை, படவிளக்கங்களை வேறு தாளில் எழுது என்பதற்கும் அன்றைக்குக் காரணம் இருந்தது. படத்துக்கு பிளாக் என்ற அச்சுத்தகடு செய்பவர் ஒருவர், எழுத்துக் கோப்பவர் இன்னொருவர்; இருவருக்கும் தனித்தனித் தாள் போயாக வேண்டும். இன்று அந்த இருவரும் இல்லை. ஆனால் விதி பல இதழ்களில் அப்படியே இருக்கிறது. திரையில் படிக்கும் மதிப்பாய்வாளர், அதாவது இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் வல்லுநர், படத்தைப் பார்க்கக் கடைசிப் பக்கத்துக்கும், விளக்கத்தைப் பார்க்க நடுப்பக்கத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

மேற்கோள் பாணிகளின் கதை இன்னும் பழையது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் முறையை ஹார்வர்டு முறை என்கிறோம். ஹார்வர்டின் விலங்கியல் பேராசிரியர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லாத நத்தையைப் பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில் இப்படிச் செய்ததிலிருந்து அது வருகிறது. உளவியலாளர்களின் ஏபிஏ பாணி 1929இல் ஏழே பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது.

மருத்துவ இதழ்களில் இந்தச் சிக்கல் 1970களில் முற்றியது. ஓர் இதழ் மறுத்த கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்ப மேற்கோள் பட்டியல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்த காலம் அது. 1978 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் நகரில் சில மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் கூடிப் பேசினார்கள். மறு ஆண்டே ஒரு பொது விதித்தொகுப்பு வெளிவந்தது. மேற்கோள்களைத் தோன்றும் வரிசையில் எண்ணிட்டுப் பட்டியலிடும் வான்கூவர் முறையை இன்றும் நாம் பயன்படுத்துகிறோம். அந்தத் தொகுப்பில் ஆசிரியர்களுக்கு ஒரு வாக்குறுதியும் இருந்தது: இந்த வடிவத்தில் கட்டுரை வந்தால், பாணி சரியில்லை என்ற காரணத்துக்காக, பரிசீலிக்கும் முன்பே திருப்பி அனுப்ப மாட்டோம். இதழுக்கு வேறு பாணி வேண்டுமானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

அந்தக் குழுதான் பின்னாளில் மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழுவானது. அதன் விதித்தொகுப்பு போன திசையைக் கவனிக்க வேண்டும். நிறுத்தற்குறிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஆவணம், போகப்போக யார் ஆசிரியர், யார் பணம் கொடுத்தது, சோதனை முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதா, தரவு எங்கே கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு நகர்ந்துவிட்டது. இன்று அதன் பெரும்பகுதி இவைதான். மாணவர்களின் கவனமும் அதே திசையில் நகர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வான்கூவரில் கொடுத்த வாக்கை வேறு உருவில் சில பதிப்பகங்கள் மீட்டெடுத்திருக்கின்றன. எல்சேவியரின் பல இதழ்கள் முதல் சமர்ப்பிப்புக்கு எந்த மேற்கோள் பாணியும் போதும், பட்டியல் முழுவதும் ஒரே சீராக இருந்தால் சரி என்கின்றன. இலைஃப் இதழும் தொடக்கத்தில் வடிவம் கேட்பதில்லை. எனவே நீங்கள் தேர்ந்தெடுத்த இதழின் வழிகாட்டியில் முதலில் தேட வேண்டியது இந்த வரியை. அது இருந்தால் அந்த 14 மணி நேரத்தில் பெரும்பகுதி உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.

அனுப்பிய பிறகு நடப்பது

இணையச் சமர்ப்பிப்புத் தளத்தில் கோப்புகளை ஏற்றி முடித்ததும் கட்டுரை நேரே பதிப்பாசிரியரிடம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பெரிய இதழ்களில் முதலில் பார்ப்பவர் அலுவலகப் பணியாளர். அறிவியல் சரியா என்று அவர் பார்ப்பதில்லை. தளத்தில் நிரப்பிய ஆசிரியர் பட்டியலும் தலைப்புப் பக்கத்தில் உள்ளதும் ஒத்துப்போகிறதா, நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்கிறதா, நிதியுதவி, நலன் முரண் (முடிவைச் சாய்க்கக்கூடிய சொந்த ஆதாயம்), தரவு கிடைக்கும் இடம் பற்றிய அறிவிப்புகள் இருக்கின்றனவா, படங்கள் தெளிவாகத் திறக்கின்றனவா என்று பார்ப்பார். ஒன்று இல்லையென்றாலும் கட்டுரை உங்களிடமே திரும்பும். இது மறுப்பு கிடையாது; ஆனால் நாட்கள் போகும். எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமனா ஏரியலா என்பதற்காகத் திரும்பும் கட்டுரையைவிட, இந்த அறிவிப்புகளில் ஒன்று விடுபட்டதால் திரும்பும் கட்டுரைதான் அதிகம் என்பது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஆசிரியர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக் கூடாது என்ற முறையைக் கடைப்பிடிக்கும் இதழ்களில் இன்னொரு கவனம் தேவை. தலைப்புப் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு, வேர்ட் கோப்பின் பண்புகளில் பெயரை விட்டுவைப்பவர்கள் உண்டு. நன்றியுரையில் கல்லூரி பெயர், ‘எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியதுபோல’ என்ற வாக்கியம், கோப்பின் பெயரிலேயே ஆசிரியரின் பெயர், இவையும் காட்டிக்கொடுக்கும்.

சரி, கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. அப்புறம் என்ன நடக்கிறது என்பதில் நம் ஊருக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கான அச்சுக்கோப்பும் பிரதித் திருத்தமும் பெருமளவில் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கின்றன. டிஎன்கியூ, நியூஜென், இன்டெக்ரா போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலில் உலக அளவில் பெயர் பெற்றவை. மதுரையில் எழுதிய கட்டுரை ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பதிப்பகத்துக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்து பக்கமாவது சாதாரணமாக நடக்கும் விஷயம்.

அங்கே உங்கள் கோப்புக்கு முதலில் நடப்பது, நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அலங்காரம் முழுவதையும் களைவது. எழுத்துரு, பக்க ஓரம், வரி இடைவெளி எல்லாம் போய்விடும். மிஞ்சும் எழுத்தை எக்ஸ்எம்எல் என்ற கட்டமைப்புக்கு மாற்றுவார்கள். ஆய்விதழ்களுக்கான எக்ஸ்எம்எல் முறைக்கு ஜாட்ஸ் என்று பெயர். 2012இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. இது தலைப்பு, இது துணைத்தலைப்பு, இது ஆசிரியரின் குடும்பப்பெயர், இது அட்டவணையின் மூன்றாம் கட்டம், இது 14ஆம் மேற்கோள் என்று ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் ஒட்டுவார்கள். திரையில் காணும் பக்கம், பிடிஎஃப், தரவுத்தளங்களுக்குப் போகும் தகவல் எல்லாம் அந்த ஒரே கோப்பிலிருந்து உருவாகின்றன.

ஆகவே உங்கள் வேர்ட் கோப்பில் அழகைவிடக் கட்டமைப்பு முக்கியம். தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கிக் காட்டாமல், தலைப்புக்கென்று வேர்டில் உள்ள பாணியைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணையை டேப் விசையையும் ஸ்பேஸ் விசையையும் தட்டித் தட்டி அமைக்காதீர்கள். அட்டவணைக் கருவியைப் பயன்படுத்தி, ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்று வையுங்கள். சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் சமன்பாட்டுக் கருவியில் எழுதுங்கள். கணிதம், இயற்பியல் துறைகளில் லேடெக் என்ற மென்பொருளில் எழுதுபவர்களுக்கு இது இயல்பாகவே வந்துவிடும். கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1970களின் இறுதியில் உருவாக்கிய டெக், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக் ஆகியவற்றின் எண்ணமே இதுதான்: எழுதுபவர் பகுதிகளை அடையாளம் காட்டட்டும், தோற்றத்தை வேறொன்று பார்த்துக்கொள்ளும்.

பெயரில் வரும் சிக்கல்

வடிவமைப்பு விதிகளிலேயே தமிழர்களை நீண்ட காலத்துக்குத் தொந்தரவு செய்வது பெயர்ப் பெட்டி. தளத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் நிரப்பாமல் நகர முடியாது. நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். பலர் சொந்தப் பெயரை முதல் கட்டத்தில் போட்டு, இனிஷியலைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். அது அப்படியே எக்ஸ்எம்எல்லில் குடும்பப்பெயராகப் பதிவாகும். பிறகு உலகம் முழுவதும் உங்களை ஒற்றை எழுத்தால் மேற்கோள் காட்டும். ஒரே இனிஷியல் கொண்ட நூற்றுக்கணக்கானவர்களோடு கலந்துவிடுவீர்கள். அடுத்த கட்டுரையில் மாற்றிப் போட்டால் தரவுத்தளத்தில் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள்.

முன்னோடிகள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். சீனிவாச ராமானுஜனின் தகப்பனார் பெயர் சீனிவாச ஐயங்கார். சுப்பிரமணியன் சந்திரசேகரின் தகப்பனார் பெயர் சுப்பிரமணிய ஐயர். இருவரின் பெயர்களிலும் தகப்பனார் பெயர் முன்னால் நிற்கிறது, சொந்தப் பெயர் பின்னால் வருகிறது. மேற்கத்திய முறை அந்தப் பின்பகுதியைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டது. விளைவாக உலகம் அவர்களை ராமானுஜன் என்றும் சந்திரசேகர் என்றும் அவர்களின் சொந்தப் பெயராலேயே அழைக்கிறது. நீங்களும் தகப்பனார் பெயரையோ இனிஷியலையோ முதல் கட்டத்திலும், சொந்தப் பெயரை இரண்டாம் கட்டத்திலும் போடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கட்டுரையிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் இருப்பது நல்லது. கூடவே ஓர்சிட் எண் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 2012 அக்டோபரில் தொடங்கிய இந்த 16 இலக்க அடையாளம் இலவசம். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்பவர்களுக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தெழுத நேர்ந்தவர்களுக்கும் பழைய கட்டுரைகளையும் புதியவற்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பது அந்த எண்தான்.

யாருடைய பெயர்கள் இடம்பெற வேண்டும் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. மேலே சொன்ன சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவைத் திரட்டுவதிலோ ஆராய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் உள்ளடக்கத்தைக் கருத்தூன்றித் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எல்லாப் பகுதிகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும்; இந்த நான்காவது 2013இல் சேர்ந்தது. நான்கும் சேர்ந்து பொருந்தினால்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதாலோ, கருவியைப் பயன்படுத்த அனுமதித்தார் என்பதாலோ பெயர் சேர்க்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. மாணவரால் அதை எதிர்த்துப் பேசுவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் பல இதழ்கள் இப்போது யார் எதைச் செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட கிரெடிட் பட்டியலில் குறிக்கச் சொல்கின்றன. அந்தப் பட்டியலை ஆய்வின் தொடக்கத்திலேயே எல்லோரும் சேர்ந்து நிரப்பி வைத்துக்கொண்டால், கடைசி நேரத்தில் வரும் மனக்கசப்பு ஓரளவு குறையும்.

ஆய்வு தொடங்கும் முன்பே முடிவாகிவிடும் சில வரிகள்

அறிமுகம், ஆய்வு முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு என்றைக்கும் இருந்ததுபோலத் தோன்றலாம். பெரிய மருத்துவ இதழ்களில் அது 1940களில்தான் தலைகாட்டியது. 1980களில்தான் முழுமையாக நிலைபெற்றது. இந்த அமைப்பின் பயன், வாசகர் தனக்கு வேண்டிய இடத்துக்கு நேரே போக முடிவது. அப்படிப் போகும் வல்லுநர் முதலில் திறப்பது பெரும்பாலும் ஆய்வு முறைப் பகுதியை.

எந்த வகை ஆய்வுக்கு எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்பதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன. பங்கேற்பாளர்களைக் குலுக்கல்போலத் தற்செயலாகப் பிரித்துச் செய்யும் மருத்துவச் சோதனைகளுக்கு கன்சார்ட். 1996இல் வந்து பலமுறை புதுப்பிக்கப்பட்டது. மக்களைக் கவனித்துச் செய்யும் ஆய்வுகளுக்கு 22 அம்சங்கள் கொண்ட ஸ்ட்ரோப். முன்பு வெளியான ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் முறையான மீளாய்வுகளுக்கு 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா. பலர் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, இதழ் கேட்கிறதே என்று இந்தப் படிவத்தை எடுத்துப் பக்க எண்களை நிரப்புகிறார்கள். அப்போதுதான் எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்று குறித்து வைக்கவில்லையே, மாதிரி அளவை எப்படிக் கணக்கிட்டோம் என்று எழுதி வைக்கவில்லையே என்பது தெரியவரும். எந்த எழுத்துத் திறமையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தரவு திரட்டத் தொடங்கும் முன்பே இந்தப் பட்டியலை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

சோதனைப் பதிவும் அப்படித்தான். 2005 ஜூலையிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியப்படாத மருத்துவச் சோதனைகளை வெளியிட மாட்டோம் என்று அந்தச் சர்வதேசக் குழுவின் இதழ்கள் அறிவித்தன. இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூனில் பதிவு கட்டாயமானது. 2018 ஏப்ரல் முதல் அந்தப் பதிவேடு, ஏற்கெனவே தொடங்கிவிட்ட சோதனைகளைப் பின்தேதியிட்டு ஏற்பதில்லை. எம்டி, எம்எஸ் படிக்கும் மருத்துவர்கள் தங்கள் ஆய்வேட்டுக்காகச் செய்யும் சிறிய சோதனைகளுக்கும் இது பொருந்தும். பதிவு எண் இல்லாமல் இரண்டு ஆண்டு உழைத்துவிட்டு, அனுப்பும் நேரத்தில் அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று தவிக்கும் நிலை வரக் கூடாது.

மேற்கோள், படம், துணைக்கோப்பு

மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்வதை இன்றே நிறுத்திவிடலாம். மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் சோட்டெரோ மென்பொருள் இலவசம், 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. இதழ்களின் மேற்கோள் பாணிகள் பத்தாயிரத்துக்கும் மேல் அதற்குக் கிடைக்கின்றன. இதழை மாற்றினால் பாணியை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் உள்ளே போகும் தகவல் சரியாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். கூகுள் ஸ்காலரிலிருந்து அப்படியே இறக்கினால் இதழின் பெயர் அரைகுறையாகவோ எல்லாம் பெரிய எழுத்திலோ வந்து நிற்கும். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுத்து இறக்கினால் பதிப்பகம் பதிவு செய்த தகவலே வரும், பிழை குறையும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் சோட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். அந்த வசதிக்காக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பேன். உலகில் இல்லவே இல்லாத கட்டுரைகளுக்குக்கூடச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நம்பும்படியான மேற்கோள் தயாரித்துக் கொடுக்கும் இந்தக் காலத்தில், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பது குறைந்தபட்சக் கடமை.

படங்களுக்கு 300 டிபிஐ என்று கேட்பதன் பொருள் பலருக்குப் புரிவதில்லை. அது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. பிளாஸ் ஒன் இதழில் படத்தின் அதிகபட்ச அகலம் 7.5 அங்குலம், 300ஆல் பெருக்கினால் 2,250 புள்ளிகள். உங்கள் படத்தில் 700 புள்ளிகள்தான் இருக்கின்றன என்றால், மென்பொருளில் டிபிஐ எண்ணை 300 என்று மாற்றுவதால் புதிய விவரம் எதுவும் வந்துவிடாது. வரைபடத்தை உருவாக்கும்போதே தேவையான அளவில் சேமிக்க வேண்டும். நெறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தையே பிறகு கட்டுரையில் சேர்ப்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. வாட்ஸ்அப் அதைச் சுருக்கியிருக்கும். மூலக்கோப்பைத் தனி ஃபோல்டரில் தொடாமல் வையுங்கள்.

தொடாமல் வைப்பதற்கு இன்னும் முக்கியமான காரணம் உண்டு. நுண்ணோக்கிப் படங்களையும் புரதப் பட்டைப் படங்களையும் ‘அழகாக்குவது’ எங்கே மோசடியாகிறது என்ற கேள்வி. ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி இதழ் 2002 முதலே ஏற்கப்பட்ட கட்டுரைகளின் படங்களைச் சோதித்து வருகிறது. நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் குழுவினர் 20,621 உயிரியல் கட்டுரைகளைப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 3.8 சதவீதக் கட்டுரைகளில் படங்கள் சந்தேகத்துக்கு இடமாக இரட்டித்திருந்தன. எல்லாமே வேண்டுமென்று செய்தவை என்று சொல்ல முடியாது. கோப்புகளைக் குழப்பிக்கொண்டதாலும் நடக்கும். ஆனால் மூலப்படத்தைக் காட்ட முடியாதவரிடம் தன் நேர்மையை நிரூபிக்க எதுவும் இருக்காது. வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைப்பதென்றால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் செய்ய வேண்டும். ஒரு பட்டையை மட்டும் தெளிவாக்கக் கூடாது.

துணைக்கோப்புகளை யாரும் திறக்க மாட்டார்கள் என்று நினைத்து அலட்சியமாக விடுபவர்கள் உண்டு. மரபணுப் பட்டியல்களில் நடந்ததைக் கேட்டால் அந்த எண்ணம் மாறும். செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தானாகவே செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக்கிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில், 2020இல் மனித மரபணுப் பெயர்க்குழு அந்த மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. தரவைப் பகிரும்போது குறியீடுகள் உள்ள நெடுவரிசைகளை உரைவடிவமாகக் குறித்து, கோப்பை மூடித் திறந்து ஒருமுறை பாருங்கள்.

சதவீத பயம்

கட்டுரையின் எவ்வளவு பகுதி ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒப்புமைச் சதவீதம் பற்றிய பயம் நம் பல்கலைக்கழகங்களில் தனி நோயாகவே ஆகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 என்று படிகள் ஏறும். எண் தெளிவாக இருப்பதால் எல்லோரும் அந்த எண்ணையே துரத்துகிறார்கள். சொற்களை மாற்றிக் கொடுக்கும் மென்பொருளில் பத்தியைப் போட்டு எடுக்கிறார்கள். விளைவு பரிதாபமானது. கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் 2021இல் இப்படிப்பட்ட ‘சித்திரவதைச் சொற்றொடர்களை’ப் பட்டியலிட்டார்கள். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ ஆகியிருந்தது. இப்படிப்பட்ட தொடர்களைத் தேடிப் பிடிக்கவே இப்போது கருவி இருக்கிறது. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டும் இருக்கின்றன. நிலைபெற்ற ஆய்வு முறையை விவரிக்கும் சொற்கள் இன்னொரு கட்டுரையோடு ஒத்துப்போவது இயல்பு. அதை மேற்கோள் காட்டி, உங்கள் ஆய்வில் செய்த மாற்றங்களை மட்டும் விரிவாக எழுதினால் நேர்மையும் நிற்கும், சதவீதமும் குறையும்.

மொழியைச் செம்மைப்படுத்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்றால், பல இதழ்கள் அனுமதிக்கின்றன. ஆனால் பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும், கருவியை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது. சர்வதேசக் குழு 2023 மே மாதம் இதை எழுத்தில் வைத்துவிட்டது.

இவ்வளவும் கேட்காத இதழ்கள் இருக்கின்றன. எந்த அறிவிப்பும் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்புங்கள், சில நாட்களில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்பார்கள். தகுதியான இதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியல் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்ட பிறகு, எந்த இதழ் தகுதியானது என்று முடிவு செய்யும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் வந்திருக்கிறது. இதழின் பதிப்பாசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பக்கங்களில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா, பழைய கட்டுரைகளின் டிஓஐ திறக்கிறதா, இதழ் சொல்லும் தரவுத்தளத்தில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று அரைமணி நேரம் தேடினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மெய்ப்பு வந்ததும்

ஏற்கப்பட்ட கட்டுரையின் மெய்ப்பு, அதாவது வெளியிடும் முன் சரிபார்ப்பதற்கான பக்கங்கள், மின்னஞ்சலில் வரும். இரண்டு நாட்களுக்குள் பதில் கேட்பார்கள். கூடவே அச்சுக்கோப்பு நிறுவனத்தின் கேள்விகளும் எண்ணிட்டு வரும். பலர் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கேள்வி எழாத இடங்களில்தான் ஆபத்து. மைக்ரோகிராமைக் குறிக்கும் கிரேக்க எழுத்து, எழுத்துரு மாறும்போது மில்லிகிராமாகிவிட்டால் மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். கழித்தல் குறி காணாமல் போகும். அட்டவணையில் ஒரு நெடுவரிசை ஒரு கட்டம் இறங்கியிருக்கும். குடும்பப்பெயரும் முதற்பெயரும் இடம் மாறியிருக்கும்.

எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. ஆகவே இணை ஆசிரியர்களில் ஒருவரிடம் அட்டவணைகளை மட்டும் கொடுத்து, மூலத்தரவோடு எண்ணுக்கு எண் ஒப்பிடச் சொல்லுங்கள். இன்னொருவர் பெயர்களையும் நிறுவன முகவரிகளையும் பார்க்கட்டும். வெளியான பிறகு பிழையைச் சொன்னால் அமைதியாக மாற்றிவிட மாட்டார்கள். திருத்த அறிவிப்பு தனி டிஓஐயுடன் வெளியாகி, உங்கள் கட்டுரையோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும்.